அலமாரிக்கு அருகில் நடக்கும் வகுப்பு

சுந்தர ராமசாமியும் அசோகமித்திரனும் 1931-இல் பிறந்தவர்கள். இலக்கிய வாசகருக்கு அது ஒரு தற்செயல். நூலக அறிவியல் படிக்கிறவருக்கோ செய்முறைத் தாளில் வந்து நிற்கும் தலைவலி. எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையில் இலக்கியத்துக்குரிய ஆங்கில எழுத்து 'ஓ'. தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. அதற்கு அடுத்து வருவது எழுத்தாளரின் பெயராக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருவது அவர் பிறந்த ஆண்டு. 1900 முதல் 1999 வரைக்கும் 'என்' என்ற எழுத்து. ஆக, 'ஒரு புளியமரத்தின் கதை'க்கு எண் போட்டாலும் 'தண்ணீர்' நாவலுக்கு எண் போட்டாலும் இருவரும் ஓ31,3என்31 என்ற ஒரே இடத்தில் வந்து மோதிக்கொள்வார்கள். மேலும் ஓர் இலக்கம் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

வேடிக்கை இதோடு முடியவில்லை. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2 என்பது வரிசை. பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதிய கவிதைகள் 1-இல் போய் உட்காரும், நாவல்கள் 3-இல். ஒரே மனிதரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே தமிழ் நாடகம் முழுவதும் நிற்கிறது. இது சரியா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டால் ஆசிரியரால் விதியைச் சொல்ல முடியும். நியாயத்தைச் சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

டூயியின் தசமப் பகுப்பிலும் வகுப்பு சும்மா இருப்பதில்லை. அமெரிக்க ஆங்கில இலக்கியம் 810, பிற ஆங்கில இலக்கியம் 820 என்று மூன்று இலக்கத்தில் முடிந்துவிடுகின்றன. தமிழ் இலக்கியம் 894.811. அதில் கவிதைக்கு ஓர் இலக்கம், புனைகதைக்கு ஓர் இலக்கம் என்று ஏறிக்கொண்டே போகும். தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் புத்தகங்களின் முதுகில் 894.8113 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் அதைத் தொலைபேசி எண் போலக் கடந்துபோயிருப்பார்கள். உலக அறிவைப் பத்துப் பெட்டிகளில் அடைத்தவர் எந்த ஊரில் உட்கார்ந்து அடைத்தார் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. ரங்கநாதன் தமிழுக்கு இரண்டே இலக்கத்தில் இடம் ஒதுக்கியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண் போடும் வகுப்பில் எழுத்தாளர் பிறந்த ஆண்டு தெரியாமல் பேனா நின்றுவிடும். அப்போது மாணவர்கள் எழுந்து அலமாரிக்குப் போவார்கள். பின்னட்டையைத் திருப்புவார்கள், அங்கே இல்லையென்றால் முன்னுரையைப் புரட்டுவார்கள், அதுவும் இல்லையென்றால் 'யார் எவர்' வகை நூல்களைத் தேடுவார்கள். அலமாரி பக்கத்திலேயே இருந்தால்தான் இது நடக்கும். நூலகப் பள்ளியின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், அது உயிரோடு இருந்த காலமெல்லாம் அலமாரிக்கு ஒட்டியே இருந்த காலம்தான்.

முதல் பள்ளிக்கு முறையான வகுப்பறையே கிடைக்கவில்லை. 1887 ஜனவரி 5 அன்று நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் மெல்வில் டூயி நூலகப் பள்ளியைத் தொடங்கியபோது சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களுக்குப் பாடம் நடத்த இடம் தர மாட்டோம் என்றது நிர்வாகம். டூயி ஒரு தேவாலயக் கூடத்தின் மேலிருந்த சாமான் அறையை ஒழித்து அங்கே வகுப்பு நடத்தினார். இரண்டு ஆண்டுகளில் பள்ளி ஆல்பனிக்குப் பெயர்ந்தது. தட்டச்சுப் பொறி பரவாத காலம் என்பதால், யார் எழுதினாலும் ஒன்றுபோல் இருக்கும் உருண்டை எழுத்தை அட்டைகளில் எழுதிப் பழகுவது அந்த மாணவிகளின் முக்கியமான வேலைகளில் ஒன்று. பெண்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட அதே டூயியின் மேல் பெண்களிடம் அத்துமீறி நடந்த புகார்களும் இருந்தன. அவற்றையும் அவருடைய இனவெறுப்பையும் காரணமாகச் சொல்லி, 2019-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன்னுடைய உயரிய பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. பாடநூல்களில் இன்னும் 'நூலகத் தந்தை' என்று மட்டுமே படிக்கிற மாணவர்களுக்கு இந்தப் பகுதியையும் சொல்லிக்கொடுப்பது நல்லது.

இந்தியாவில் பரோடா முந்திக்கொண்டது. சயாஜிராவ் கெய்க்வாட்டின் அழைப்பில் வந்த அமெரிக்கரான வில்லியம் போர்டன் 1911-இல் அங்கே பயிற்சி வகுப்பு நடத்தினார். 1915-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆசா டான் டிக்கின்சன் தொடங்கினார். அவர் டூயியிடமே படித்தவர்.

சென்னையின் கதை வேறு மாதிரித் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நூலகர் பதவிக்கு ஆள் கேட்டபோது 900 விண்ணப்பங்கள் வந்தன. நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவரும் இல்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர், நேர்காணலுக்கு முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை. ஒரு வாரத்தில் பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் ரங்கநாதன். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்றார் முதல்வர். நூலகத் துறை இன்று குருவாகக் கொண்டாடுகிறவர் அந்த வேலையிலிருந்து தப்பிக்கப் பார்த்தவர் என்பதை எந்தப் பொன்னாடைக் கூட்டத்திலும் யாரும் சொல்வதில்லை.

லண்டனிலும் அவரை மாற்றியது வகுப்பறை அன்று. யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பெர்விக் சேயர்ஸ், கிராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகரும்கூட. மாணவரின் போக்கைக் கண்ட சேயர்ஸ், அவரை நூலகங்களுக்கே அனுப்பினார். கிராய்டனில் பழகி, பிறகு பிரிட்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் போய்ப் பார்த்தார். ஊருக்கு ஊர் ஒரே பகுப்பு முறையை ஒவ்வொரு நூலகமும் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டிருந்ததைக் கண்டதும், குழந்தைகள் வந்து குவியும் நூலகங்களைக் கண்டதும் இந்த அலைச்சலில்தான். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்ததும் அப்போதுதான்: சில தகடுகள், சில திருகாணிகள், சேர்க்கிற விதத்தில் பாலமும் வரும், பாரந்தூக்கியும் வரும். புத்தகப் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டலாமே என்ற யோசனைக்கு அவர் திருகாணியாகப் பயன்படுத்தியது முக்காற்புள்ளி. கோலன் என்ற பெயர் அதனால் வந்தது. நூல் 1933-இல் வெளியானது.

திரும்பி வந்தவர் கணிதத்துக்குப் போகவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929-இல் சங்கம் கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931-இல் அதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937-இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று.

அந்தப் பள்ளியில் ஆசிரியர் யார், ஊழியர் யார் என்று கோடு கிழிப்பது கடினம். காலையில் வாசகருக்குப் புத்தகம் தேடிக்கொடுத்தவர் பிறகு வகுப்பெடுப்பார். நோக்கு நூல் சேவை பற்றி ரங்கநாதன் எழுதிய இரண்டு தொகுதிகளை நூலகத்தில் உடன் உழைத்த சி. சுந்தரம், கே.எம். சிவராமன் ஆகியோரோடு சேர்ந்துதான் வெளியிட்டார். வாசகர் கேட்ட கேள்விகளும் அதற்குத் தேடிய வழிகளும்தான் அங்கே பாடப்பொருள். புத்தகத்தை எந்த மேஜையில் யார் முத்திரை குத்துவது, எந்த அட்டை எங்கிருந்து எங்கே போவது என்று நூலகத்தின் ஒவ்வோர் அசைவையும் படிப்படியாகப் பிரித்து எழுதிய 'நூலக நிர்வாகம்' 1935-இல் வந்தது. இன்று அதைப் படித்தால் சிலருக்குக் கொட்டாவி வரலாம். பத்துப் பதினைந்து பேரை நாள் முழுதும் அருகில் நின்று கவனித்தவரால் மட்டுமே அப்படி எழுத முடியும் என்பதும் தெரியும்.

நூலகத்தின் ஐந்து விதிகள் பிறந்த விதத்திலும் ஆசிரியர்-மாணவர் உறவின் ஒரு துளி இருக்கிறது. 1928-இல், இத்தனை நூலக நடைமுறைகளுக்கும் அடியில் இருக்கும் சில அடிப்படைகளைப் பிடிக்க முடியாமல் ரங்கநாதன் தவித்துக்கொண்டிருந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அவருடைய கணிதப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் ராஸ் ஒரு மாலையில் அவர் அறைக்கு வந்தார். சிக்கலைக் கேட்டுவிட்டு, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதுதானே உங்கள் முதல் விதி என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற நான்கும் அதன் பின்னால் வந்தன. நூலகத்துறைக்காரர் யாருக்கும் தோன்றாததைச் சொன்னவர் ஒரு கணித ஆசிரியர்; மாணவன் ஆசிரியராகி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அவன் அறைக்கு வந்து உட்கார்ந்தவர். புத்தகம் 1931-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. வண்டியை வடிவமைத்தவர் கனகசபைப் பிள்ளை. முதல் விதிக்கு இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு இருக்க முடியாது.

இப்போதைய துறைகளில் என்ன நடக்கிறது? ஆகஸ்ட் 12 வந்தால் நூலகர் தினம். ரங்கநாதன் பிறந்தது 9-ஆம் தேதி, பள்ளிச் சான்றிதழில் ஏறியது 12. தேதிகளை இவ்வளவு துல்லியமாகப் பார்த்த மனிதருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது! படத்துக்கு மாலை, வினாடி வினா, சிறப்புரை, குரூப் போட்டோ. பிறகு கருத்தரங்குகள், பயிலரங்குகள், பங்கேற்புச் சான்றிதழ்கள். பெரும்பாலான கருத்தரங்குக் கட்டுரைகள் ஏதோ ஒரு கல்லூரியில் மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, மின்னிதழ்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு, சதவீதம் போட்டு முடிகின்றன. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லத்தக்கவை சத்தமில்லாமல் நடக்கிறவை. ஸ்டாக் வெரிஃபிகேஷன் ஒன்று. கோடை விடுமுறையில் ஒருவர் அலமாரியில் நின்று சேர்க்கை எண்ணை உரக்கப் படிப்பார். இன்னொருவர் பதிவேட்டிலோ கணினியிலோ டிக் அடிப்பார். தூசியில் தும்மல் வரும். வேதியியலுக்கு நடுவே யாரோ ஒளித்துவைத்த சாண்டில்யன் கிடைப்பார். ஒரே தலைப்புக்கு நான்கு பிரதிகள் தொடப்படாமல் இருப்பதும், ஒரே பிரதி கிழிந்து நைந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். எதை வாங்கியது தவறு, எதை இன்னும் வாங்க வேண்டும் என்ற பாடத்தை வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகப் படிக்க முடியாது. காணாமல் போன புத்தகத்துக்கு நூலகரின் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பழைய பயமும் மாணவர்களுக்கு அங்கேதான் தெளியும். வாசகர்கள் எடுத்துப் புழங்கிய 1,000 தொகுதிகளுக்கு ஆண்டுக்கு 5 தொலைவது இயல்பே என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. கவனக்குறைவோ நேர்மையின்மையோ இல்லாதவரை. வாசகரை அலமாரி வரைக்கும் விடுகிற நூலகம் தரும் விலை அது. சென்னையில் அப்படி அலமாரிகளைத் திறந்துவிட்டவர் ரங்கநாதன்தான். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் ஒன்றும் தொலையாது, யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று, அட்டவணைப் பயிற்சி. 12.5க்கு 7.5 சென்டிமீட்டர் அட்டை, கீழே கம்பி கோக்க ஒரு துளை. இன்று கோஹா மென்பொருளில் மார்க் என்ற பதிவு வடிவத்தில் நிரப்புகிறார்கள். 1999-இல் நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதத் தொடங்கி, பிறகு இலவசமாக உலகுக்கே கொடுத்த மென்பொருள் அது. திரை மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. சுஜாதா என்று தேடுகிறவருக்கும் எஸ். ரங்கராஜன் என்று தேடுகிறவருக்கும் ஒரே புத்தகம் கிடைக்க வேண்டும். குடும்பப் பெயரை முன்னால் போடு என்று மேலைநாட்டு விதி சொல்லும். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் எங்கே? சீர்காழி ராமாமிர்த ரங்கநாதனில் முதலாவது ஊர், இரண்டாவது தந்தை. விதியை அப்படியே மென்பொருளில் ஏற்றிய நூலகங்களில் ஊர்ப் பெயரில் ஒளிந்திருக்கும் ஆசிரியர்கள் ஏராளம். தன் பெயரே இடித்ததாலோ என்னவோ, ரங்கநாதன் தம் அட்டவணை விதி நூலில் இந்தியப் பெயர்களுக்கு நிறைய இடம் ஒதுக்கினார்.

இந்தச் சிக்கல்களை மொத்தமாகப் பார்க்க விரும்பும் மாணவர்களை ஆசிரியர்கள் அழைத்துப் போக வேண்டிய இடம் தரமணியில் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை புத்தகங்கள் மட்டுமில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டவற்றையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரம், 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஆசிரியர் பெயரில்லாத, ஆண்டு இல்லாத, சில சமயம் அட்டையே இல்லாத ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து இதற்கு அட்டவணை எழுது என்றால், பாடநூலின் பாதி விதிகள் உதவிக்கு வராது. பேருந்தில் போய், அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து, வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாவில் இது கிடைக்காது. ஒரு வாரமாவது அங்கே உட்கார வேண்டும்.

வாசகரோடு பேசும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் கடினம். கிளை நூலகத்தில் பயிற்சிக்கு உட்காரும் மாணவியிடம் ஒரு பெரியவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏம்மா, நிலம் அளக்குறதப் பத்தி ஏதாச்சும் புஸ்தகம் இருக்கா?"

பாடப்படி பொறியியல் அலமாரியிலிருந்து நில அளவை நூலை எடுத்துக் கொடுத்துவிடலாம். அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, கோணக் கணக்கைப் பார்த்து மூடிவைத்துவிட்டுப் போவார். பதிவேட்டில் ஒரு சேவை ஏறும்.

"என்ன விஷயமா தேடுறீங்க ஐயா?" என்று கேட்கத் தெரிந்த மாணவியிடம் கதை வேறு. பட்டாவில் 0.12.50 என்று போட்டிருக்கிறது. அப்பா காலத்துப் பத்திரத்தில் 31 சென்ட். இடத்தைக் குறைத்துவிட்டார்களோ என்று பெரியவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது பன்னிரண்டரை ஏர். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். பெருக்கினால் கிட்டத்தட்ட 30.9. இடம் இடத்திலேயே இருக்கிறது. கொடுக்க வேண்டியது புத்தகம் இல்லை, ஓர் அளவைப் பட்டியல். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நான்காம் விதியை மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பார்கள்? அதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக் காட்டும் ஆசிரியர் வேண்டும். அவரே தினமும் வாசகரைச் சந்திக்கிறவராகவும் இருக்க வேண்டும்.

இங்கேதான் பள்ளிகள் சறுக்கின. பல பல்கலைக்கழகங்களில் இன்று நூலகம் ஒரு கட்டடம், நூலகத் துறை இன்னொரு கட்டடம். நூலகர் பாடம் எடுப்பதில்லை. பேராசிரியர் புத்தகம் எடுத்துக்கொடுப்பதில்லை. பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரை எண்ணப்படுகிறது. வாசகருக்குச் சொன்ன விடை எண்ணப்படுவதில்லை. துறைக்குத் தகுதி வந்ததும், முனைவர் பட்டங்கள் பெருகியதும் நல்லவைதான். ஆனால் மருத்துவமனை இல்லாத மருத்துவக் கல்லூரிக்கு எவரும் அனுமதி தர மாட்டார்கள். நூலகப் படிப்பை மட்டும் நூலகத்துக்கு வெளியே நடத்தலாம் என்று எப்படியோ ஒப்புக்கொண்டோம். தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரில் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தவர் ரங்கநாதன். 1950களில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்டது படிப்புக்கு மரியாதை. நூலகத்திலிருந்து விவாகரத்து அன்று.

பெரிய திட்டம் ஒன்றும் தேவைப்படாது. துறையின் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் ஓர் அரைநாள் பல்கலைக்கழக நூலகத்தின் விசாரணை மேஜையில் மாணவர்களோடு உட்கார வேண்டும். நூலக ஊழியர்கள் பருவத்துக்கு ஒரு தாளையாவது நடத்த வேண்டும். கேட்கப்பட்ட கேள்விகளையும் தேடிய வழிகளையும், தோற்ற தேடல்களையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதிவைத்து அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சென்னையில் 1930களில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உண்டு. உங்கள் ஊர் நூலகத்தில் பயிற்சிக்கு வந்த மாணவர் யாராவது உட்கார்ந்திருந்தால், நாளிதழைப் புரட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய ஒன்றை அவரிடம் கேளுங்கள். உடனே விடை வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் போய்க் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்: நூலக வரி என்று சொத்து வரியோடு 10 சதவீதம் நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.